விக்டோரியா மலைக்காட்டில் கடமான் வேட்டை: இரண்டு புதியவர்களுக்கு நான்கு நாள் திட்டம்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னில் இருக்கிறீர்கள், துப்பாக்கி உரிமம் புதிதாக வந்திருக்கிறது, ஆகஸ்டில் நான்கு நாள் விடுப்பு, நண்பர் ஒருவரோடு மலைநாட்டுக்குக் கடமான் வேட்டைக்குப் போக ஆசை. எந்த இடம், எந்தத் துப்பாக்கி என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்வியின் உள்ளே இருப்பது வேறு. 130 கிலோ எடையுள்ள ஒரு விலங்கை, முன்பின் தெரியாத செங்குத்தான காட்டில், அனுபவமில்லாத இரண்டு பேர் கண்டுபிடித்து, ஒரே குண்டில் வீழ்த்தி, கறி கெடாமல், தாங்களும் அடிபடாமல் வெளியே வருவது எப்படி? அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். அது தெளிவானால் இடமும் துப்பாக்கியும் தாமாகவே முடிவாகிவிடும்.

முதலில் விலங்கு. அங்கே சாம்பர் என்று சொல்வது நம் கடமான்தான். தென்மாவட்டங்களில் மிளா, இலங்கையில் மரை. 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுபோய் விக்டோரியாவில் விட்டார்கள். இன்று மலைநாடு முழுக்கப் பரவி, நாட்டுச் செடிகளையும் ஆற்றோரச் சதுப்புகளையும் அழிக்கும் அளவுக்குப் பெருகிவிட்டது. அதனால்தான் அங்கே பதுங்கி நடந்து வேட்டையாடுவதற்கு ஆண்டு முழுவதும் அனுமதி. எண்ணிக்கை வரம்பும் கிடையாது. ஊரில் இருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்தியாவில் இதே விலங்கைச் சுடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கீழே வருவது எதுவும் அங்கே பொருந்தாது.

தாள்வேலை பெரிதல்ல, ஆனால் ஒன்றுகூட விடுபடக் கூடாது. போல்ட் ஆக்‌ஷன் சென்டர்ஃபயர் துப்பாக்கிக்கு, அதாவது போல்ட் என்ற பூட்டுக்கம்பியைக் கையால் தள்ளி ஒவ்வொரு குண்டாக ஏற்றும் துப்பாக்கிக்கு, உரிமத்தில் பி பிரிவு இருக்க வேண்டும். அதோடு மான் வேட்டைக்கான கேம் லைசென்ஸ் தனியாக வேண்டும். இரண்டும் வேட்டையின்போது கையில் இருக்க வேண்டும். வேட்டை நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி, மறைவுக்கு அரை மணி பின்பு முடிகிறது. பொதுநிலத்தில் இரவில் விளக்கடித்துச் சுடுவது கடுமையான குற்றம். மாநிலக் காடுகளில் பெரும்பாலான இடம் திறந்திருக்கும். ஆல்பைன் தேசியப் பூங்காவில் குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும், பிப்ரவரி 15 முதல் டிசம்பர் 15 வரை. அந்த எல்லைக்கோடு பல இடங்களில் ஒரு முகட்டின் மேலேயே ஓடுகிறது: இந்தப் பக்கம் சுடலாம், அந்தப் பக்கம் கூடாது. ஆகவே அரசின் ‘மோர் டு எக்ஸ்ப்ளோர்’ செயலியில் உங்கள் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குள் சிக்னல் இருக்காது. விதிகள் அவ்வப்போது மாறுவதால், மாநிலத்தின் வேட்டைக் கட்டுப்பாட்டு அமைப்பான கேம் மேனேஜ்மென்ட் அத்தாரிட்டியின் நடப்புக் கையேட்டைப் புறப்படும் வாரத்தில் ஒருமுறை படியுங்கள்.

இனித் திட்டம். பெரும்பாலான புதியவர்கள் மானை எங்கே பார்க்கலாம் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் கடைசியிலிருந்து தொடங்குங்கள். பிணை, அதாவது பெண் கடமான், ஒன்று விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முழு எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எலும்பு நீக்கிய கறியாகக் கிடைக்கும். 130 கிலோ பிணையில் 40 கிலோவுக்குச் சற்று மேல். 200 கிலோவைத் தாண்டும் கலையில், அதாவது ஆண் கடமானில், 65, 70 கிலோ. துப்பாக்கி, தண்ணீர், உடை சேர்த்து ஆளுக்கு 8 கிலோ ஏற்கெனவே முதுகில் இருக்கும். பிணை என்றால் ஆளுக்கு 20 கிலோ கூடுதல், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே நடையில் முடியும். கலை என்றால் இரண்டு நடை. முதல்முறை அறுப்பவர்களுக்கு அறுக்கவே இரண்டரை மணி நேரம் ஆகும். ஆகஸ்ட் நடுவில் காலை 7 மணியை ஒட்டி உதயம், மாலை 5:45 வாக்கில் மறைவு. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: பிற்பகல் 3 மணிக்கு மேல் தொலைவில் சுட்டால் இருட்டில், வழுக்கும் சரிவில், தலைவிளக்கின் வெளிச்சத்தில் சுமை தூக்க வேண்டிவரும். அங்கே கால் முறிவது அப்படித்தான். என் பரிந்துரை இது: வண்டியிலிருந்து 2 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள், வண்டி நிற்கும் உயரத்துக்குக் கீழே 150 மீட்டருக்கு மேல் இறங்கி எதையும் சுடாதீர்கள், 3 மணிக்குப் பிறகு முகாமுக்குப் பக்கத்தில் மட்டும் வேட்டை. ஓடைப்பள்ளத்தின் அடியில் நிற்கும் அழகான கலையைச் சுடாமல் விடுவதற்கான முடிவை வீட்டிலேயே எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் நின்றுகொண்டு எடுக்க முடியாது.

இந்தக் கணக்கிலிருந்து இடம் தானாக வருகிறது. முகட்டுச் சாலையில் வண்டியை விட்டுக் கீழே இறங்கும் இடம் வேண்டாம். ஆற்றங்கரையில் முகாம் போட்டு மேலே ஏறிப்போகும் இடம் வேண்டும். அப்போதுதான் சுமை கீழ்நோக்கி வரும். ஜேமிசன், லிகோலா, டார்கோ ஆகிய சிற்றூர்களைச் சுற்றியுள்ள மாநிலக் காடுகளில் இப்படிப்பட்ட ஆற்றுப் பள்ளத்தாக்குகள் நிறைய இருக்கின்றன. ‘எந்த ஓடை’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் அடுத்த வாரம் அங்கே பத்து வண்டி நிற்கும். 1:25,000 அளவு நிலவரைபடத்தை விரித்து, முக்கிய ஆற்றில் வடக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வெயில் விழும் சரிவுகளைத் தேடுங்கள். தென்கோளத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும் என்பதை நம் ஊர்க் கண் அடிக்கடி மறந்துவிடும். குளிர்காலத்தில் வடக்கு பார்த்த சரிவில் வெயில் காய்வது கடமானின் வழக்கம். அந்தச் சரிவில் சமஉயரக் கோடுகள் சற்றே விலகி நிற்கும் இடங்கள், அதாவது செங்குத்துக்கு நடுவே வரும் தட்டுகள், அது படுக்கும் இடங்கள். கிளைமுகட்டின் நுனியில் உள்ள தட்டு இன்னும் நல்லது: பின்னாலிருந்து வரும் காற்றை மூக்கால் அறியும், முன்னால் உள்ள சரிவைக் கண்ணால் பார்த்துக்கொள்ளும். இரண்டு பள்ளத்தாக்குகளைத் தேர்ந்தெடுங்கள். முதலாவதில் இன்னொரு குழு இருந்தால் வாய்த்தகராறு இல்லாமல் இரண்டாவதுக்குப் போய்விடலாம்.

ஆகஸ்ட் நல்ல மாதம். கறி கெடாது, பாம்பு நடமாட்டம் அரிது, பகல் முழுக்க மான் நடமாட வாய்ப்புண்டு. ஆனால் இரண்டு விஷயம். ஜூன் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை மலைநாட்டின் பல மண்சாலைகள் மூடப்பட்டிருக்கும்; கேட் பூட்டியிருக்கும். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். பூட்டிய கேட்டுக்கு அப்பால் நடந்துபோகத் தடையில்லாத இடங்களில் வண்டிச் சத்தம் இல்லாத காடு உங்களுக்குக் கிடைக்கிறது. இரண்டாவது, ஏப்ரல் 1 முதல் நவம்பர் 30 வரை மாநிலக் காடுகளில் நாய்க்குழு வேட்டையும் நடக்கும். வாரக்கடைசியில் அவர்கள் அதிகம். முடிந்தால் திங்கள் முதல் வியாழன் வரை போங்கள். வண்டியைப் பற்றி இரண்டே வரி: மலையடிவார ஊரில் ஆல்பைன் டீசல் நிரப்புங்கள், நகரத்து டீசல் உறைகுளிரில் மெழுகாகிக் காலையில் எஞ்சின் கிளம்பாது. விழுந்த மரத்தை அறுக்கச் சங்கிலி ரம்பமும், பனிக்காலச் சாலைகளுக்கு டயர்ச் சங்கிலியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியைப் பற்றி மக்கள் செலவழிக்கும் நேரத்தில் பாதியைக் காற்றைப் படிப்பதில் செலவழித்தால் நல்லது. .308 வின்செஸ்டர், .30-06 என்ற தோட்டா அளவுகள் இரண்டில் எது கையில் இருக்கிறதோ அது போதும். 165 அல்லது 180 கிரெய்ன் எடையில், சிதறாமல் ஆழமாக இறங்கும் வேட்டைக் குண்டு. கடமானுக்கு நெடுங்காலமாக இருந்துவரும் அளவுகோல் .270 அங்குல விட்டமும் 130 கிரெய்ன் குண்டும். அதற்குக் கீழே எதையும் நினைக்க வேண்டாம். துப்பாக்கியின் தொலைநோக்கியை 100 மீட்டரில் நேராகப் பதியும்படி அமையுங்கள். 165 கிரெய்ன் குண்டு 150 மீட்டரில் 5 சென்டிமீட்டர் வாக்கில் தாழும், 200 மீட்டரில் 12 முதல் 15. காட்டுக்குள் கிடைக்கும் வாய்ப்பு பெரும்பாலும் 80 மீட்டருக்குள்தான் என்பதால் இது போதும். சுடுதளத்தில் மேசையில் சாய்ந்து ஐந்து குண்டு போட்டுத் திருப்தியடையாதீர்கள். முழங்காலிட்டு, மரத்தில் சாய்ந்து, மூச்சிரைக்க ஓடிவந்து நின்று என இருபது குண்டாவது சுடுங்கள். அந்த நிலைகளில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் எத்தனை மீட்டர் வரை தவறாமல் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை.

காற்று. தெளிவான நாளில் மலைக்காற்றுக்கு ஒரு நேர அட்டவணை உண்டு. இரவிலும் விடியலிலும் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே வழியும். வெயில் சரிவில் விழுந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆனதும் சூடான காற்று மேலே ஏறத் தொடங்கும். மாலையில் நிழல் விழுந்ததும் மறுபடி கீழே. ஆற்றங்கரை முகாம் இங்கேயும் உதவுகிறது: விடியலில் நீங்கள் கீழிருந்து மேலே ஏறும்போது காற்று உங்கள் முகத்துக்கு வரும். ஒன்பது, பத்து மணி வாக்கில் அது ஒரு கணம் தயங்கிச் சுழலும். அந்த அரை மணி நேரம் நடக்காதீர்கள், உட்காருங்கள். பிறகு பக்கவாட்டில் கிளைமுகட்டின் மேல்பகுதிக்குப் போய், எதிர்ச்சரிவை பைனாகுலரில் சல்லடையாகச் சலித்துப் பாருங்கள். மூக்கு சிந்தும் காகிதத்தை வைத்துக் காற்று பார்க்க வேண்டாம். சிறிய பிளாஸ்டிக் புட்டியில் சோளமாவு போட்டு, இருபது அடிக்கு ஒருமுறை ஒரு பீய்ச்சு. முழங்கால் உயரத்தில் ஒரு பக்கமும் தலை உயரத்தில் வேறு பக்கமும் மாவு போவதைப் பார்க்கும்போதுதான் ஏன் மான் ஓடிவிட்டது என்று புரியும். மேகமூட்டமான நாளிலும் பெருங்காற்று நாளிலும் இந்த அட்டவணை செல்லாது. மாவு சொல்வது மட்டும்தான் உண்மை.

தடத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கடமானின் குளம்படி 7, 8 சென்டிமீட்டர் நீளம், இரண்டு இலை சேர்ந்தாற்போல. விளிம்பு கத்தியால் வெட்டியதுபோலக் கூர்மையாக, உள்ளே உறைபனிப் பொடி இல்லாமல் இருந்தால் இன்று காலைத் தடம். விளிம்பு உருண்டு, உள்ளே பனி படிந்தோ இலைத்துணுக்கு விழுந்தோ கிடந்தால் நேற்றையது அல்லது அதற்கும் முந்தையது. ஆற்றோர பிளாக்பெர்ரிக் கொடியின் நுனியைத் தூக்கிப் பாருங்கள்: மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, அதனால் நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். சுத்தமாகச் சீவினாற்போல் இருந்தால் அது முயல். கொம்பால் பட்டை உரித்த மரம், சேற்றுக்குழி, அதன் பக்கத்து மரத்தில் காய்ந்த சேறு, இவை கலை இருப்பதைச் சொல்லும். ஆனால் சேறு காய்ந்து உதிர்ந்தால் நீங்கள் பார்ப்பது பழைய செய்தி. புதிய புழுக்கை பளபளப்பாக, அமுக்கினால் மெத்தென்று இருக்கும். புதிய தடமும் புதிய புழுக்கையும் ஒரே ஓடையில் கிடைக்காவிட்டால் அந்த ஓடையை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

நடை என்பதும் நிற்பதுதான். மூன்று அடி வைத்து, ஒரு நிமிடம் நின்று, கண்ணால் துழாவி, மறுபடி மூன்று அடி. முழு மானைத் தேடாதீர்கள். காது, முதுகின் கிடைக்கோடு, காலின் இருண்ட செங்குத்து ஆகியவற்றைத் தேடுங்கள். உங்களை அது முதலில் கண்டுவிட்டால் காலைத் தட்டி, எக்காளம்போல் ஒரு கூவல் கூவும். மேற்குத் தொடர்ச்சி மலையில் புலி நடமாட்டத்தை அறிவிக்கும் அதே கூவல்தான். அதைக் கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று அசையாதீர்கள். கூவுகிறது என்றால் ஏதோ இருப்பது தெரிகிறது, என்ன என்று தெரியவில்லை என்று பொருள். உங்கள் வாடை எட்டியிருந்தால் பெரும்பாலும் நின்று கூவிக்கொண்டிருக்காது, போயிருக்கும். சிலையாக நில்லுங்கள், அது சில நிமிடம் நின்று கூவுவதும், ஓர் அடி எடுத்து வைத்துத் தன்னைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு.

பாதுகாப்பில் எதையும் சுருக்க மாட்டேன். நடக்கும்போது சேம்பரில் (குழலின் பின்முனையில் குண்டு உட்காரும் அறை) குண்டு இருக்கக் கூடாது. மான் கண்ணில் பட்ட பிறகு போல்ட்டைத் தள்ள இரண்டு நொடி போதும். துப்பாக்கியின் தொலைநோக்கி வழியாக எதையும் அடையாளம் பார்க்கக் கூடாது; அதற்குத்தான் கழுத்தில் பைனாகுலர். தலையும் தோளும் முழுதாகத் தெரிந்து, பின்னால் மண்சரிவு இருந்தால் மட்டுமே சுடலாம். முகட்டு விளிம்பில் வானத்தை முதுகில் வைத்து நிற்பதைச் சுடவே கூடாது. இருவரும் பிரிந்து வேட்டையாடுவதென்றால் நடுவே ஒரு முழு முகடு இருக்கட்டும். எல்லை எது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை வரைபடத்தில் விரல் வைத்துப் பேசிக்கொள்ளுங்கள். உங்கள் முதல் பயணத்தில் சேர்ந்தே போங்கள், ஒரே துப்பாக்கியோடு, முறைவைத்து. பிளேஸ் ஆரஞ்சு தொப்பியும் மேலுடையும் போடுங்கள். மானுக்கு அந்த நிறம் மங்கலாகத்தான் தெரியும், மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், இது உறுதியானது. நீல ஜீன்ஸ்தான் அதற்கு நன்றாகத் தெரியும் நிறம். மேலே மட்கிய பெரிய கிளை தொங்கும் மரத்தடியில் கூடாரம் போடாதீர்கள். காற்றே இல்லாத இரவிலும் யூகலிப்டஸ் கிளை விழும். பதிவு செய்த 406 மெகாஹெர்ட்ஸ் பி.எல்.பி. (செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்கும் சிறு கருவி) ஒன்று, முதுகுப்பையில் இல்லாமல், உடலில் இருக்கட்டும். தீ மூட்டினால் 30 சென்டிமீட்டர் ஆழக் குழி, சுற்றிலும் 3 மீட்டர் சுத்தம். அணைப்பது தண்ணீரால், மண்ணால் அல்ல. மழை பெய்தால் ஆற்றைக் கடந்துபோய்த் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ள வேண்டாம், இந்தக் கரையிலேயே வேட்டையாடுங்கள்.

குண்டு போகவேண்டிய இடம்: பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்கோட்டை ஒட்டி, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. உங்களிடமிருந்து சற்றே அப்பால் திரும்பி நிற்கும்போது எதிர்ப்பக்க முன்னங்காலை நோக்கி. நேருக்கு நேரோ பின்பக்கமோ சுட வேண்டாம். சுட்டதும் உடனே அடுத்த குண்டை ஏற்றுங்கள், மான் நின்ற இடத்தை ஒரு மரத்தை வைத்துக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள், பதினைந்து நிமிடம் அசையாதீர்கள். நீங்கள் சுட்ட இடத்தில் ஒரு நாடாவைக் கட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். பள்ளத்தைத் தாண்டிப் போனபின் எதிர்ப்பக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நுரையோடு இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், பெரும்பாலும் நூறு மீட்டருக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், ஒரு மணி நேரமாவது பொறுங்கள். பச்சைக் கசடும் நாற்றமும் என்றால் குடல். நான்கைந்து மணி நேரம் விட்டுவிட வேண்டும், உடனே துரத்தினால் ஒரு கிலோமீட்டர் ஓடிவிடும். அடிபட்ட கடமான் பெரும்பாலும் சரிவில் கீழ்நோக்கி, தண்ணீரை நோக்கிப் போகும். ரத்தம் காணவில்லை என்பது தப்பிவிட்டது என்பதற்குச் சான்றாகாது. இருவரும் பகல் முழுக்கத் தேடுவது கடமை.

அறுப்பதற்கு வயிற்றைத் திறக்கவே தேவையில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகெலும்பு நெடுக ஒரு கீறல், அங்கிருந்து தோலைக் கீழ்நோக்கி உரியுங்கள். உரித்த தோலே கறி மண்படாமல் இருக்க விரிப்பு. முன்சப்பை எலும்பு மூட்டால் பிணைக்கப்படவில்லை. காலைத் தூக்கிப் பிடித்து விலாவுக்கும் சப்பைக்கும் நடுவே கத்தியை ஓட்டினால் வந்துவிடும். பின்தொடைக்கு இடுப்பெலும்பை ஒட்டியே வெட்டிக்கொண்டு போனால் பந்துக்கிண்ண மூட்டு தெரியும், அதன் நடு நரம்பை அறுத்தால் தொடை கழன்றுவிடும். எலும்போடு 15 கிலோ வாக்கில் இருக்கும், முதலில் கெடுவதும் அந்த எலும்பை ஒட்டிய சதைதான், அதனால் அதை முதலில் குளிரவிடுங்கள். முதுகுக்கறி, கழுத்து, பிறகு புரட்டி மறுபக்கம். கடைசி விலாவுக்குப் பின்னால் சின்னக் கீறல் போட்டு உள்முதுகுக்கறியை விரலால் உருவி எடுக்கலாம். ரப்பர் கையுறை கட்டாயம். விலங்குகளிடமிருந்து தொற்றும் க்யூ காய்ச்சலுக்கு ஆஸ்திரேலியாவில் தடுப்பூசி உண்டு, தொடர்ந்து வேட்டையாடுவதென்றால் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கறியைப் பிளாஸ்டிக் பையில் போடவே கூடாது, புழுங்கிக் கெட்டுவிடும்; காற்று புகும் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். கொழுப்பை முழுதாகச் சீவி எறியுங்கள். ஆறினதும் மெழுகாக அண்ணத்தில் ஒட்டும். கடமான் கறி பிடிக்கவில்லை என்பவர்களுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

உறுதியில்லாதவற்றையும் சொல்ல வேண்டும். நிலவின் பிறை பார்த்து நாள் குறிப்பது பலருடைய நம்பிக்கை. பௌர்ணமிக்கு மறுநாள் காலை மான் சீக்கிரம் படுத்துவிடும் என்பார்கள். அதற்காக விடுப்பை மாற்றும் அளவுக்கு அது நிரூபணமானதல்ல. வாடை போக்கும் தெளிப்பான்கள் காற்றுத் திசையை வெல்லும் என்று நம்பாதீர்கள். உருமறைப்பு உடையின் வடிவமும் அசையாமல் நிற்பதற்கு முன்னால் ஒன்றுமில்லை. எந்தப் பள்ளத்தாக்கில் இந்த ஆண்டு மான் நிற்கிறது என்பதை நான் உட்பட யாரும் இங்கிருந்து சொல்ல முடியாது. காட்டுத்தீக்குப் பிந்தைய துளிர்ப்பும் பனியளவும் அதை ஆண்டுதோறும் மாற்றுகின்றன.

நான்கு நாளில் கிடைக்குமா என்றால், புதியவர்கள் இருவருக்குப் பெரும்பாலும் கிடைக்காது. முதல் கடமானுக்கு முன் பல பயணங்கள் வெறுங்கையோடு திரும்புவது இங்கே இயல்பு. ஆகவே முதல் நாள் மதியம் முகாம் போட்டுச் சுற்றிப் பார்ப்பது, இரண்டாம் மூன்றாம் நாள் விடியல் வேட்டை, நான்காம் நாள் காலை ஒரு சின்ன நடை, பதினொரு மணிக்குக் கிளம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்த ஒவ்வொரு புதிய தடம், படுக்கை, சேற்றுக்குழி, மான் கிளம்பி ஓடிய இடம் எல்லாவற்றையும் வரைபடச் செயலியில் குறித்து, நேரம், காற்று, வெயில் இருந்ததா என்பதையும் எழுதுங்கள். ஓடிய மான் எந்தப் பக்கம் ஓடியது என்பது மிக முக்கியம். அந்த வழியை அது மறுபடியும் பயன்படுத்த வாய்ப்புண்டு. அடுத்த முறை வேறு பள்ளத்தாக்கு தேடாமல், அந்தக் குறிப்புகளோடு இதே பள்ளத்தாக்குக்குப் போங்கள்.